22 கிலோ புல்லிக்கு 600 கிலோ: யார் தூக்குவது?

எங்கள் பெரியப்பாவின் பட்டறையில் வார்க்கும் 24 அங்குல அலுமினியப் புல்லி ஒன்றின் எடை 22 கிலோ. வாங்குகிற லேத் பட்டறைக்காரர் அதைத் தராசில் வைப்பார், கிலோவுக்கு இவ்வளவு என்று பணத்தைக் கொடுப்பார், ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வார்ப்படத் தொழிலில் எங்கேயும் இதுதான் வழக்கம். சரக்கின் எடைக்குத்தான் காசு. அந்த 22 கிலோவை உண்டாக்குவதற்கு எத்தனை கிலோவைத் தூக்க வேண்டியிருந்தது என்று எந்த பில்லிலும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 600 கிலோவுக்கு மேல் வந்தது.

எம்.கே.பி. நகர் என்று எல்லோரும் சொல்வது மகாகவி பாரதி நகரின் சுருக்கம். வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் போலீஸ் செய்தியில்தான் காதில் விழும். இங்கே வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நடக்கிற தொழில்கள் ஏராளம். பெரியப்பாவின் பட்டறையும் அப்படி ஒன்று. பத்துக்குப் பதினாறு அடி இடம், தரையில் ஒரு உலை, ஒரு மூசை, மூலையில் மணல் குவியல். புதுப்பேட்டையிலிருந்து பழைய பிஸ்டன், உடைந்த இன்ஜின் ஹவுசிங் எல்லாம் எடை போட்டு வாங்கி வந்து உருக்குவார்கள். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பவுண்டரியில் 11 வருஷம் ஹெல்பராக இருந்தவர். மோல்டர் வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார். மோல்டர் லீவு போட்ட நாளெல்லாம் இவர்தான் மோல்டு போட்டார். ஆனாலும் சம்பளப் பட்டியலில் கடைசிவரை ஹெல்பர்தான். அந்த பவுண்டரி மூடிய பிறகுதான் சொந்தமாகத் தொடங்கினார்.

மணல் அச்சு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. மேலும் கீழும் திறந்த இரண்டு இரும்புச் சட்டங்கள். கீழ்ப் பெட்டி, மேல் பெட்டி. செய்ய வேண்டிய பொருளின் மாதிரியை மரத்தில் இரண்டு பாதியாகச் செய்து வைத்திருப்பார்கள், அது பேட்டர்ன். ஒரு பாதியைப் பலகையில் கவிழ்த்து, மேலே கீழ்ப் பெட்டியை வைத்து, களியும் ஈரமும் கலந்த மணலைச் சலித்துப் போட்டு, கட்டையால் இடித்து இறுக்குவார்கள். பிறகு பெட்டியை அப்படியே புரட்டிப் போட வேண்டும். அதன் மேல் பேட்டர்னின் அடுத்த பாதி, மேல் பெட்டி, மறுபடியும் மணல், மறுபடியும் இடி. அப்புறம் மேல் பெட்டியைத் தூக்கித் தனியே வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் பேட்டர்னை எடுத்துவிட்டு, உலோகம் ஓடி வர வாய்க்கால் வெட்டி, மேல் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கீழ்ப் பெட்டியின் மேல் மூட வேண்டும். உள்ளே பேட்டர்ன் இருந்த வெற்றிடத்தில்தான் உருகிய அலுமினியம் போய் நிரம்பும்.

இதில் மணலின் எடையைக் கவனியுங்கள். இடித்து இறுக்கிய மணல் ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ. 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 6 அங்குல உயரம் உள்ள சின்னப் பெட்டி அரை கன அடி. அதாவது 23 கிலோ. கேஸ் அடுப்பு பர்னர், கதவுக் கைப்பிடி மாதிரி சாமான்களுக்கு இது போதும். ஒரே ஆள் தூக்கிவிடலாம். இப்போது நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்துப் பாருங்கள். 24, 24, 12. எடை இரட்டிப்பாகாது, எட்டு மடங்காகும். 180 கிலோவைத் தாண்டும். பட்டறையில் வேலை கேட்டு வருகிறவர்கள், ஏன் வேலை கொடுக்கிறவர்களும்தான், ஏமாந்துபோகிற இடம் இதுதான். "கொஞ்சம் பெரிய சைஸ்தானே" என்பார்கள்.

24 அங்குல புல்லிக்கு 30-க்கு 30 பெட்டி வேண்டும். பாதிக்குப் பாதி உயரம் 8 அங்குலம். மணலும் சட்டமும் சேர்ந்து ஒவ்வொரு பெட்டியும் 200 கிலோவுக்குக் குறையாது. கீழ்ப் பெட்டியைப் புரட்ட ஒரு தடவை, மேல் பெட்டியை எடுக்க ஒரு தடவை, திரும்ப மூட ஒரு தடவை. 600 கிலோ அங்கேயே வந்துவிட்டது. மண்வெட்டியால் அள்ளிப் போட்ட மணல், வார்த்த பிறகு உடைத்துக் கொட்டிய மணல், அதைத் தண்ணீர் தெளித்துத் திரும்பச் சலித்த மணல் எதையும் நான் சேர்க்கவில்லை. சலிப்பது பெரியம்மா. அவரை யாரும் தொழிலாளி என்று எண்ணுவதே இல்லை, அவரையும் சேர்த்து.

200 கிலோவை நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு 50. சிமெண்ட் மூட்டை எடைதானே, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வம்சம்தானே நாம் என்று தோன்றும். மூட்டையைத் தோளில் போட்டுக்கொள்ளலாம், முதுகோடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பெட்டியை அப்படி வைக்க முடியாது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, குனிந்த நிலையில் தூக்க வேண்டும். அதுவும் நாலு மூலையும் ஒரே மட்டத்தில், மெதுவாக, நேர் செங்குத்தாக. ஒரு மூலை முன்னால் எழும்பினால் உள்ளே மணல் ஓரம் உதிரும். அரை நாள் வேலை போச்சு. அதனால் யாரும் சட்டென்று தூக்கிச் சட்டென்று வைக்க முடியாது. மூடும்போது இன்னும் மோசம். ஊசிக்கு நேராகத் துளை வரும்வரை குனிந்தபடியே பெட்டியைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள பாரம் முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்குகிற முதுகுத் தசை எலும்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. பத்து மடங்கு. 50 கிலோவுக்கு அந்தத் தசை 500 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இடையில் நசுங்குவது டிஸ்க்.

அமெரிக்காவில் தொழில்சார் உடல்நலத்தை ஆராய்கிற நயோஷ் நிறுவனம் 1991-ல் தூக்கும் எடைக்கான கணக்கைத் திருத்தியது. பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல பிடியோடு, எல்லாமே சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கலாம் என்று அது வைத்திருக்கும் உச்ச எடை 23 கிலோ. தள்ளிப் பிடித்தால், குனிந்தால், திரும்பினால் அதிலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும். 23 என்பது நான் மேலே சொன்ன அந்தச் சின்னப் பெட்டி.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், பதினாறு வயதிலிருந்து இந்தப் பெட்டிகளைத் தூக்கினான். இப்போது 36 வயது. இடுப்பில் இரண்டு டிஸ்க் பிதுங்கி, இடது கால் மரத்துப்போகும். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, அதனால் ஆட்டோவும் ஓட்ட முடியாது. மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று கேட்டார் டாக்டர். "மோல்டு தூக்குற வேலை சார்" என்றான். அவர் சீட்டில் "கூலி" என்று எழுதினார். எந்த வேலை எந்த எலும்பைத் தேய்க்கிறது என்பது அந்த ஒரு சொல்லில் காணாமல் போய்விட்டது. நம் பகுதியில் நலப்பணி செய்கிற தோழர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருத்துவச் சீட்டில் தொழிலின் பெயரைச் சரியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். மணல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ், டி.பி. என்று எழுதப்பட்டு மாத்திரை கொடுக்கப்படுவதும் இதே மாதிரிதான் நடக்கிறது. அது பெரிய விஷயம், தனியாக எழுத வேண்டும்.

அண்ணன் தூக்குவதை நிறுத்திய பிறகு, பெரிய ஆர்டர் வந்தால் பெரியப்பா தெருவில் பையன்களைக் கூப்பிடுவார். ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று தூக்குக் கூலி. அவர் மட்டுமில்லை. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு மிஷின் இறக்க வேண்டுமானாலும், ஜெனரேட்டர் ஏற்ற வேண்டுமானாலும், நாலு ஆள் வேண்டும் என்று எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். புல்லி வாங்க வருகிற முதலாளி ஒருவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "உங்க பசங்களுக்கு உடம்பு இரும்புய்யா, எங்க பசங்க ஒரு நாள் தாங்க மாட்டானுங்க." பாராட்டு மாதிரித்தான் இருக்கும். பெரியப்பாவும் சிரிப்பார். சமூகவியல் வகுப்பில் நான் படித்த எந்தப் புத்தகத்தையும்விட இந்த ஒரு வாக்கியம் சாதியைத் தெளிவாகச் சொல்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது என்று பாபாசாகேப் 1936-லேயே எழுதிவிட்டார். அந்த அடுக்கு உடம்புக்குள்ளும் இறங்குகிறது. இவன் உடம்பு தாங்கும், இவன் மூக்கு நாற்றத்தைத் தாங்கும், இவன் கை சூட்டைத் தாங்கும். மலக்குழிக்குள் ஆளை இறக்குகிறவனும் இதைத்தான் சொல்கிறான். தாங்கும் என்று முடிவு செய்துவிட்டால் கருவி வாங்கத் தேவையில்லை அல்லவா?

கருவி இல்லாமலா இருக்கிறது? பெரிய வார்ப்பட ஆலைகளில் பெட்டியைத் தூக்குவதற்கு மேலே ஓடும் கிரேன் இருக்கிறது, புரட்டுவதற்கு எந்திரம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், தமிழ்நாட்டுக் கைத்தொழிலிலேயே எடையைக் குறைக்கும் யோசனை பழையது. கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கை மணல் அச்சில்தான் வார்க்கிறார்கள். ஆள் உயர விளக்கானாலும் அதை முழுசாக வார்ப்பதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே பிரபை என்று தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்க்கிறார்கள். பெட்டி சின்னதாகிவிடுகிறது. சுவாமிமலையில் பெரிய சிலையின் மண் அச்சைக் குழியில் இறக்கிப் புதைத்து, உலோகத்தை அங்கேயே ஊற்றுகிறார்கள். பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். புல்லியையும் இரண்டு பாதியாக வார்த்து போல்ட் போட்டு இணைக்கலாம், அப்படிப்பட்ட புல்லி சந்தையிலும் உண்டு. இரும்பு உடம்புக்காரப் பையன்களைப் பாராட்டிய அதே முதலாளியிடம் இதைக் கேட்டார். "எனக்கு ஒரே பீஸா வேணும்" என்றார் அவர். கூடுதலாக இரண்டு போல்ட், கொஞ்சம் லேத் வேலை, அவருக்குச் செலவு. ஒரே பீஸாக இருந்தால் செலவு எங்கள் தெருப் பையன்களின் முதுகில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவத் தோழர்கள் கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்கு அதிகமான பாரத்தைத் தூக்கவோ நகர்த்தவோ யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் அதிகபட்ச எடை குறித்து 127-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதோடு வந்த பரிந்துரை வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்று வரம்பு சொல்கிறது. இந்தியா 2010-ல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 55 என்பதே அதிகம் என்பது என் கருத்து. அந்த எண்ணை எழுதியவர்கள் மூட்டையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் 34-ஆம் பிரிவு பெரியப்பாவின் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை. மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-ல் இயற்றிய புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20, 40 என்று இரட்டித்துவிட்டது. குறைவான ஆட்கள் உள்ள இடத்துக்கும் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு 1948 சட்டத்தின் 85-ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்தது, ஆனால் உரிமையாளர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடத்தும் இடம் அதிலும் வரவில்லை. அதாவது பெரியப்பா, அண்ணன், பெரியம்மா மூன்று பேர் மட்டும் 200 கிலோவைத் தூக்கினால் அது சட்டத்தின் கண்ணில் குடும்ப விவகாரம். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோதுதான் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற திருத்தம் வந்தது. அந்த மணிக்கணக்கும் எங்கள் சந்துக்கு வந்து சேரவில்லை. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரிய அட்டை எடுத்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. விபத்துக்கும் இறப்புக்கும் உதவித்தொகை உண்டு, எடுக்கத்தான் வேண்டும். தூக்குவதை அது குறைக்காது.

போன வருஷம் மூன்று புல்லிக்குச் சேர்த்து ஆர்டர் வந்தது. தூக்க வந்த நாலு பேரில் ஒருவன் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வருகிறவன். பி.காம். இரண்டாம் வருஷம், 19 வயது. இரண்டாவது பெட்டியை மூடிவிட்டு நிமிரும்போது இடுப்பில் கையை வைத்தான். அண்ணன் ஆரம்பத்தில் கை வைத்த அதே இடம். என்னடா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா" என்றான். அன்றைக்கு இரவு நான் பெரியப்பாவிடம் பேசினேன்.

"செயின் பிளாக் வாங்கலாம் பெரியப்பா."

"இன்னாமா நீ, அதுல தூக்கினா ஆடும். ஆடினா மண்ணு கொட்டிடும். கை சொல்றத செயின் கேக்காது."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஒரே கொக்கியில் மாட்டினால் பெட்டி சாயும். கொட்டகைக் கூரை 200 கிலோவைத் தாங்காது. இதற்குப் பதில் அவரிடமே இருந்தது, கேட்கத்தான் யாருமில்லை. இரண்டு வாரம் முனகிவிட்டு அவரே படம் போட்டுக் காட்டினார். கூரையை விட்டுவிட்டு, மூன்று கனமான இரும்புக் குழாயை உச்சியில் சேர்த்துத் தரையில் ஊன்றும் முக்காலி. பெட்டியின் நாலு மூலையிலும் வளையம் பற்றவைத்து, ஒரே நீளத்தில் நாலு சங்கிலி. ஊசி முன்பு இரண்டு அங்குலம்தான் இருந்தது. அதை ஆறு அங்குலமாக்கினால், பெட்டி ஆறு அங்குலம் நேராக எழும்பிய பிறகுதான் ஆட இடம் கிடைக்கும். அதற்குள் பேட்டர்னை விட்டு விலகிவிடும். கீழ்ப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நடுவில் அச்சுத் தண்டு. தூக்கிப் பிடித்தால் ஒரு கையால் புரட்டலாம். பழைய இரும்புக் கடையில் ஒரு டன் செயின் பிளாக் சில ஆயிரத்துக்குக் கிடைத்தது. சங்கிலியையும் கொக்கியையும் சோதித்துத்தான் வாங்கினோம். பணத்தில் பாதி அண்ணன் போட்டான். தன் இடுப்புக்குக் கொடுத்த ஊசிச் செலவைவிடக் குறைவு என்றான்.

முதல் மேல் பெட்டி எழும்பியபோது யாரும் கத்தவில்லை. சங்கிலி கடகடவென்று ஓட, பெட்டி நகம் நகமாக ஏறியது. ஓரத்தில் ஒரு கைப்பிடி மண்கூட உதிரவில்லை. பெரியப்பா குனிந்து அச்சைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கையில தூக்கறதவிட நல்லா வருதே" என்றார். முகத்தில் சந்தோஷத்தோடு கொஞ்சம் கோபமும் இருந்தது. அம்பத்தூரில் 11 வருஷம் தூக்கியதை நினைத்திருப்பார்.

இதோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். மேலே வைக்கிற பாரத்தை இன்னும் கையால்தான் தூக்குகிறோம். உருகிய உலோகம் மேல் பெட்டியைக் கீழிருந்து நெம்பும், அதை அழுத்திவைக்கப் பெரியம்மாவின் பழைய ஆட்டுக்கல்லும் இரண்டு தண்டவாளத் துண்டும் பெட்டி மேல் உட்காருகின்றன. மணல் சலிப்பும் அப்படியே இருக்கிறது. இதைவிட நெருடலான விஷயம் தூக்குக் கூலி. நாலு பையன்களுக்கும் அது பஸ் காசு, செல்போன் ரீசார்ஜ், ஒருவனுக்கு செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பங்கு. "எங்க வேலைய மிஷின் புடுங்கிச்சுக்கா" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான், சிரிப்புக்கான விஷயமில்லை. கருவி வந்தால் முதலில் கூலி போவது நமக்குத்தான் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை.

பெரியப்பாவிடம் இதையும் பேசினோம். இப்போது இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மோல்டு போடக் கற்கிறார்கள்: மணலில் எவ்வளவு ஈரம், எந்த இடத்தில் எவ்வளவு இடி, வாய்க்காலை எங்கே வெட்டினால் உலோகம் சுழலாமல் ஓடும். கற்கும் நாளுக்கும் கூலி உண்டு. பி.காம். பையன் கற்க வரவில்லை, ஆனால் பில் புத்தகத்தை அவன்தான் எழுதுகிறான். ஒன்றிய அரசு 2023-ல் விஸ்வகர்மா திட்டத்தில் 18 பரம்பரைத் தொழில்களைப் பட்டியலிட்டது. கொல்லர், தட்டார், குயவர், செருப்புத் தைப்பவர் என்று போகிற அந்தப் பட்டியலில் மோல்டர் இல்லை. இருந்திருந்தாலும், அப்பன் தொழிலைப் பிள்ளைக்குக் கட்டிவைக்கிற திட்டத்தில் இந்தப் பையன்களைச் சேர்க்க எனக்கு மனம் வராது. கற்றுக்கொண்டு விருப்பமிருந்தால் செய்யட்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்த ஆர்டருக்கான விலையைப் போன வாரம் எழுதிக் கொடுத்தோம். முதல் வரி, அலுமினியம் கிலோவுக்கு இவ்வளவு. இரண்டாவது வரி புதிது: மோல்டிங் கூலி, பெட்டி அளவுக்கு ஏற்ப, 30-க்கு 30 பெட்டிக்கு இவ்வளவு. அதற்குக் கீழே, இரண்டு பாதியாக வார்த்தால் அந்தக் கூலி குறையும் என்று பி.காம். பையன் தானாகவே ஒரு குறிப்பும் சேர்த்திருந்தான். முதலாளி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "இது இன்னாய்யா புதுசா?" என்றார். பெரியப்பா எழுந்து உள்ளே போய்ச் செயின் பிளாக்கைக் காட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். இன்னும் போன் வரவில்லை.